அகப்பை யார் கையில்?

(அலுவிகாரையில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



திருச்சபையைப் பற்றிப் பேச அலுவிகாரை ஏற்ற இடமா என்று உங்களில் சிலர் நினைத்திருக்கலாம். நினைத்தால் தப்பில்லை. கி.மு. முதல் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் காலத்தில், அதுவரை வாய்வழியாகவே ஓதிக் காப்பாற்றப்பட்ட திரிபிடகத்தைப் பிக்குகள் ஓலையில் எழுதி வைத்த இடம் இது. பஞ்சமும் போரும் நாட்டை அலைக்கழித்த நேரம். ஓதத் தெரிந்தவர்கள் மடிந்தால் ஓதலும் மடிந்துவிடும் என்ற அச்சத்தில் எழுதினார்கள். பத்தொன்பது நூற்றாண்டுகள் கழித்து, 1848இல் புதிய வரிகளுக்கு எதிராக மாத்தளையில் கிளர்ச்சி வெடித்தபோது, அதை அடக்க வந்த பிரித்தானியப் படை இந்த விகாரையையும் சிதைத்துவிட்டுப் போனது. அந்தப் படையை ஆண்ட மகாராணியே இங்கிலாந்துத் திருச்சபைக்கும் தலைவி. இதைச் சொல்லாமல் கிறிஸ்தவன் ஒருவன் இங்கே வாய் திறக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஒருவர் ஒரு சபையைச் சேர்ந்தவர் என்று எப்போது சொல்லலாம்? ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர் இருந்தால் சொல்லலாம். சந்தா கட்டினால் சொல்லலாம். ஞாயிறுதோறும் அதே வாங்கில் அதே மூலையில் உட்கார்ந்தாலும் சொல்லலாம். ஆனால் பதிவேட்டில் பெயர் இருந்து, சந்தாவும் கட்டி, இருபது வருடமாக அதே மூலையில் உட்கார்ந்தும், "உங்கள் கோயில்" என்று பேசுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். "எங்கள் கோயில்" என்று அவர்கள் வாயில் வருவதில்லை. வந்து மூன்றே மாதமான ஒரு பையன், ஒலிபெருக்கிக் கம்பியைச் சுருட்டி வைக்கும் பொறுப்பு கிடைத்த மறுவாரம், "எங்கள் கோயிலில் மைக் சரியில்லை" என்று ஊரெல்லாம் குறை சொல்லிக்கொண்டு திரிகிறான். அந்தக் குறையில் எவ்வளவு உரிமை இருக்கிறது பாருங்கள்.

கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர் விருந்தாளி. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாம்பார் வாளியோடு ஓடுகிறவர் வீட்டு ஆள். விருந்தாளிக்குத்தான் மரியாதை அதிகம், முதல் இலையும் அவருக்குத்தான். ஆனாலும் நெருங்கிய சொந்தக்காரர் ஒருவரைப் பரிமாற விடாமல் பந்தியிலேயே உட்கார வைத்துவிட்டால் அவர் கோபித்துக்கொண்டு போய்விடுவார். தன்னை அந்நியனாக்கிவிட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

எங்கள் வேதத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தில் ஒரு பந்திச் சண்டை வருகிறது. எருசலேமில் இருந்த முதல் சபையில் விதவைகளுக்கு நாள்தோறும் உணவு பகிர்ந்தார்கள். கிரேக்கம் பேசும் விதவைகளைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள் என்று முறுமுறுப்பு எழுந்தது. மொழியால் வந்த பாரபட்சம். இலங்கையில் இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அப்போஸ்தலர்கள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, நாளையிலிருந்து உங்களுக்கும் சரியாக அளந்து போடுகிறோம் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. பந்தி விசாரணைக்கு ஏழு பேரைச் சபையையே தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். கடைசி ஆள் நிக்கொலா அந்தியோகியாக்காரர், பிறப்பால் யூதர்கூட இல்லை. முறையிட்டவர்களுக்குக் கூடுதலாக ஓர் அகப்பைச் சோறு கிடைத்ததோடு விஷயம் நிற்கவில்லை. அகப்பையே அவர்கள் கைக்குப் போனது. இந்த அதிகாரத்தை வைத்து உதவிக்குருமார் திருநிலைப்பாட்டில் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். ஏழு பேரின் பக்தியைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். அவர்கள் எந்தப் பக்கத்து ஆட்கள் என்பதைச் சொல்வோர் குறைவு.

இனி நம் நாட்டுக்கு வருவோம். கண்டி இராச்சியத்தில் ஒரு கிறிஸ்தவர் ஊரைச் சேர்ந்தவராகிப்போன கதை ஒன்று உண்டு. கத்தோலிக்கர்கள் இதை நன்றாக அறிவார்கள். புரட்டஸ்தாந்துக்காரர்களாகிய நாங்கள் அதிகம் சொல்வதில்லை, அது எங்கள் குறை.

யோசேப் வாஸ் கோவாவில் பெனோலிம் என்ற ஊரில் 1651இல் பிறந்தவர். அவர் இலங்கைக்கு வரும்போது கரையோரத்தில் பெரும்பகுதி ஒல்லாந்தர் வசம். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்ததிலிருந்து கத்தோலிக்க வழிபாட்டுக்குத் தடை, குருமாருக்கு இடமில்லை. குரு உடையில் வந்தால் பிடிபடுவார். 1687இல், யோவான் என்ற உதவியாளோடு, ஏழைக் கூலியாள் கோலத்தில் யாழ்ப்பாணத்தில் கரையேறினார். பயணத்தில் பட்ட பாட்டில் வயிற்றுக்கடுப்பு வந்து சாகக் கிடந்தார். அவரைப் பராமரித்தவர்கள் அந்த ஊர் ஏழைகள். ஆக, இலங்கைக்குத் தொண்டு செய்ய வந்தவர் முதலில் இலங்கையரின் தொண்டைப் பெற்றார். இந்த வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது.

தமிழும் சிங்களமும் கற்றார். சில்லாலையில் இருந்து இரவில் வீடு வீடாகப் போய் மறைவாகப் பூசை வைத்தார். பிறகு புத்தளம். 1692இல் கண்டிக்குப் போனபோது போர்த்துக்கீச ஒற்றன் என்ற சந்தேகத்தில் சிறை வைக்கப்பட்டார். காவல் நாளடைவில் தளர்ந்தது. ஆனாலும் அவர் அரசனின் பொறுமையில் இருந்த அந்நியர்தான்.

1697இல் கண்டியில் பெரியம்மை கண்டது. அரசன் இரண்டாம் விமலதர்மசூரியனும் பிரதானிகளும் நகரை விட்டு வெளியேறினார்கள். நோய் கண்டவர்களைக் காட்டில் கொண்டுபோய் விடுவது அன்றைய வழக்கம். பெற்றவர்கள் பிள்ளைகளை விட்டார்கள், பிள்ளைகள் பெற்றவர்களை விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, மருந்தில்லாத நோய். வாஸ் அடிகளும், அவருடைய உறவினரான யோசேப் கர்வாலோ அடிகளும் நகரிலேயே தங்கினார்கள். காட்டில் கிடந்தவர்களுக்குக் குடில் கட்டினார்கள். ஆளில்லாத வீடுகளை வைத்தியசாலையாக்கினார்கள். கஞ்சி ஊட்டினார்கள், புண்ணைக் கழுவினார்கள், செத்தவர்களைப் புதைத்தார்கள். பௌத்தர், கத்தோலிக்கர் என்று பார்க்கவில்லை. ஏறக்குறைய ஒரு வருடம் இது நடந்தது. திரும்பி வந்த அரசன், இராச்சியம் முழுவதும் தடையின்றி நடமாடவும் போதிக்கவும் அவருக்கு அனுமதி கொடுத்தான்.

இதை எப்படி வாசிப்பது? நல்லது செய்தார், பலன் கிடைத்தது என்று வாசித்தால் அது வியாபாரக் கணக்கு. அம்மைப் புண்ணைக் கழுவும்போது அனுமதிச் சீட்டு அவர் மனதில் இருந்திருக்காது; அதிகம் எதிர்பார்த்திருக்கக்கூடியது தன் சாவைத்தான். நான் கவனிப்பது வேறொன்றை. ஊரார் எல்லோரும் ஓடும்போது யார் ஓடாமல் நிற்கிறாரோ, அவரை வெளியூர்க்காரர் என்று அதற்குப் பிறகு யாரும் சொல்ல முடியாது. வாஸ் அடிகள் 1711 ஜனவரி 16இல் கண்டியிலேயே இறந்தார். திருத்தந்தை பிரான்சிஸ் 2015 ஜனவரி 14இல் கொழும்பு காலிமுகத் திடலில் அவரைப் புனிதராக அறிவித்தார்.

நம் மாத்தளை மாவட்டத்திலேயே, கலேவெலைக்குப் பக்கத்தில், வாகக்கோட்டை இருக்கிறது. கண்டி மன்னரிடம் சிறைப்பட்ட போர்த்துக்கீசப் படையாட்களின் வழிவந்தவர்கள் என்று சொல்லப்படும் கத்தோலிக்கர்கள் வாழும் ஊர். இன்று அவர்கள் சிங்களக் கிராமத்தவர்கள். வாளோடு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் மண்வெட்டியோடு ஊரில் கலந்தார்கள். அங்குள்ள புனித அந்தோனியார் கோயிலுக்குப் பௌத்தரும் இந்துக்களும் நேர்த்தி வைத்துப் போகிறார்கள்.

எங்கள் மலையகத் தமிழர் கதை இதைவிடச் சிக்கலானது. நாம் கூடியிருக்கும் இந்த வீதிதான் அன்றைய வடக்குப் பாதையின் கடைசிப் பகுதி. மன்னாரில் இறங்கி, காட்டு வழியாகத் தம்புள்ளை, நாலந்தா கடந்து, இந்த விகாரைப் பாறையைத் தாண்டித்தான் கோப்பித் தோட்டத்துக்குப் போன சனங்கள் மாத்தளைக்கு நடந்தார்கள். கொலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். மாத்தளைக்கு ரயில் வந்தது 1880இல்தான். அதற்குள் கோப்பியின் காலமே முடியும் நிலைக்கு வந்துவிட்டது.

1848 கிளர்ச்சிக்கு ஆறு வருடம் கழித்து, 1854இல், தோட்டத் துரைமார் சிலரின் பண உதவியோடு 'தமிழ்க் கூலி மிஷன்' என்ற பெயரில் ஓர் ஊழியம் தொடங்கியது. சர்ச் மிஷன் சங்கத்தோடு சேர்ந்தது. திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்களை வரவழைத்தார்கள். அவர்கள் தோட்டம் தோட்டமாக நடந்து, பெரட்டுக்களத்திலும் லயத்து வாசலிலும் ஜெபம் நடத்தினார்கள், பள்ளி வைத்தார்கள். அந்தப் பள்ளிகளால் வந்த நன்மையை நான் குறைத்துப் பேச மாட்டேன். எழுத்தறிந்த முதல் தலைமுறை பல குடும்பங்களில் அங்கிருந்துதான் வந்தது. ஆனால் மிஷனின் பெயரைப் பாருங்கள். யாருக்குச் செய்கிறோம் என்பது அதில் இருக்கிறது, அவர்கள் கூலிகள். பணம் துரையுடையது, திட்டம் மிஷனரியுடையது, நடை உபதேசியாருடையது. லயத்துக்காரருக்கு மிஞ்சியது பெற்றுக்கொள்ளும் வேலை. அந்தப் பெயர் போய்விட்டது. பழக்கம் போய்விட்டதா என்பதை உங்கள் சபையின் நிர்வாகக் குழுப் பட்டியலைப் பார்த்து நீங்களே சொல்லுங்கள். நகரத்துக் குடும்பங்கள் எத்தனை, தோட்டத்துக் குடும்பங்கள் எத்தனை?

இங்கே யாராவது எழுந்து என்னை மடக்கலாம், மடக்கவும் வேண்டும். உழைத்தால் சொந்தமாகிவிடலாம் என்றால், நூறு வருடம் இந்த மலையில் உழைத்தவர்கள் ஏன் சொந்தமாகவில்லை? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு, 300,000 பேரை இலங்கைக்கு என்று பிரித்தது. மீதி 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று தள்ளி வைத்தார்கள். சிக்கல் ஒருவாறு தீர 2003இல் இன்னொரு சட்டம் வர வேண்டியிருந்தது. கொழுந்து பறித்த கைகளுக்கு உழைப்பு எந்த உரிமையையும் வாங்கிக் கொடுக்கவில்லை.

இதற்கு என்னிடம் உள்ள பதில் இதுதான். வேலை வாங்குவது வேறு, பொறுப்புக் கொடுப்பது வேறு. கல்யாண வீட்டில் பின்கட்டில் பாத்திரம் தேய்க்கக் கூலிக்கு வந்தவரும் வேலைதான் செய்கிறார், பந்தியில் பரிமாறுகிற மாமனும் வேலைதான் செய்கிறார். இவர் தன் இஷ்டத்துக்கு இலை பார்த்து இன்னும் கொஞ்சம் போடுவார், கறி தீர்ந்தால் சமையல்காரரை அதட்டுவார். பாத்திரம் தேய்ப்பவரால் அது முடியாது. தோட்டம் எங்கள் சனத்திடம் வேலை வாங்கியது. எதையும் தீர்மானிக்க விடவில்லை. சபையும் அதையே செய்தால் அது இன்னொரு தோட்டம், பிரசங்க பீடத்தில் இன்னொரு துரை.

பெறுகிறவர்கள் கொடுக்கிறவர்களாக எழுந்து நின்ற கதையும் நம்மிடமே இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்கு அமெரிக்க மிஷனரிகள் 1816இல் வந்தார்கள். பள்ளி, வைத்தியசாலை, அச்சகம் எல்லாம் கொடுத்தார்கள். அந்த நூற்றாண்டு முடிவதற்குள், பெற்றுக்கொண்டே இருந்தது போதும் என்று யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவ இளைஞருக்குத் தோன்றிவிட்டது. தாங்களே பணம் சேர்த்து, கடல் கடந்து தொண்டிப் பக்கம் ஊழியரை அனுப்பினார்கள். 1902இல் யாழ்ப்பாணம் வந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா இதைப் பார்த்தார். அன்றைய திருநெல்வேலி மாவட்டத்து வெள்ளாளன்விளையில் பிறந்தவர், அப்போது வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தில் வேலை. யாழ்ப்பாணத்தைவிடப் பெரிய திருநெல்வேலிச் சபை இப்படி எதையும் செய்யவில்லையே என்று அவரைச் சுட்டது. ஊர் திரும்பி, 1903 பெப்ரவரியில் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கக் காரணமானார். நைஜாம் சீமையில் தோர்ணக்கல் அதன் களமானது. 1909இல் அவரே அங்கே போனார். 1912 டிசம்பர் 29இல் கல்கத்தாவில் பேராயராகத் திருநிலைப்பட்டார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் அவர்தான்.

தோர்ணக்கலில் சபைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் மாலா, மாதிகா மக்கள். ஊருக்கு வெளியே குடியிருந்தவர்கள், கூலியைத் தானியமாக வாங்கியவர்கள். சோற்றுக்காக மதம் மாறினார்கள் என்று ஏச வசதியான கூட்டம். அவர்களிடம் அசரியா கைப்பிடி அரிசி கேட்டார். திருநெல்வேலியிலும் யாழ்ப்பாணத்திலும் உங்கள் பாட்டிமார் அறிந்த பழக்கம்தான்: உலை வைக்க அரிசி அளக்கும்போது ஒரு பிடி எடுத்துக் கோயில் பானையில் போடுவது, ஞாயிற்றுக்கிழமை அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. பட்டினி கிடக்கிறவர்களிடம் அரிசி கேட்பது அநியாயமாகத் தெரியும். எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. ஆனால் கேட்காமல் விடுவதில் உள்ள அவமதிப்பை அசரியா கண்டிருக்கிறார். ஊர்க்கிணற்றில் வாளி இறக்கவே அனுமதி இல்லாத ஒரு பெண்ணின் கையிலிருந்து ஒரு சபை அரிசி வாங்கிக்கொள்கிறது என்றால், அந்தக் கையை அது என்னவாக மதிக்கிறது என்று பாருங்கள். அந்தப் பிடிக்குப் பிறகு அவள் உதவி பெறும் ஏழை அல்ல, உபதேசியாருக்குச் சம்பளம் கொடுக்கிற முதலாளிகளில் ஒருத்தி. உபதேசியார் சரியாக வராவிட்டால் அவள் கேட்கலாம். கேட்டிருப்பாள் என்றே நம்புகிறேன்.

இதெல்லாம் இனிப்பாகப் போகிறது. கசப்பையும் சொல்ல வேண்டும். யார் தொண்டு செய்யலாம் என்று தீர்மானிப்பதன் மூலமாகவே யார் உள்ளே, யார் வெளியே என்பதையும் சபைகள் தீர்மானித்திருக்கின்றன. நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கத்தோலிக்கக் கோயிலுக்கு இரண்டு கூடங்கள். சாதிக்கு ஒன்றாகப் பிரிந்து போய்ப் பீடத்தில் மட்டும் சேரும், கால்சட்டை மாதிரி. நடுச் சுவரை இடித்தபோது வழக்கு நடந்தது. இருக்கைதான் அங்கே கண்ணுக்குத் தெரிந்த பிரச்சினை. கண்ணுக்குத் தெரியாமல் இன்றும் பல ஊர்களில் இருப்பது வேறு: பீடப் பிள்ளையாக யார் நிற்பது, வாசகத்தை யார் வாசிப்பது, தேரை யார் இழுப்பது. காலம் காலமாகக் கோயிலைக் கூட்டிப் பெருக்க விட்ட கைக்கு வேதப்புத்தகத்தைத் தொட்டு வாசிக்கக் கொடுக்க மட்டும் தயக்கம் காட்டினார்கள். யாழ்ப்பாணத்தவர்கள் இதைக் கேட்டு இந்தியாக்காரர் கதை என்று நிம்மதி அடைய வேண்டாம்.

பெண்கள் விஷயத்திலும் இதேதான். 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபை தன் முதல் பெண் பேராயரைக் கண்டது 2013இல். அந்த 66 வருடமும் பெண்கள் சும்மா இருக்கவில்லை. ஞாயிறு பள்ளி, பெண்கள் ஐக்கிய சங்கம், நோயாளி சந்திப்பு, அசனத்துக்கு விடியவிடிய காய் நறுக்குவது எல்லாம் அவர்கள்தான். அந்த வேலைக்குத் தொண்டு என்று பெயர் வைத்தார்கள், தீர்மானத்தில் பங்கு வைக்கவில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதைச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள். எல்லாச் சபையிலும் ஒரு சிறு கூட்டம் எல்லா வேலையையும் செய்யும். நத்தார் சோடனை அவர்கள், அறுப்பின் பண்டிகை ஏலம் அவர்கள், கல்லறைத் தோட்டம் துப்புரவு அவர்கள். அவர்கள் இல்லாவிட்டால் கதவு திறக்காது. மெய்யாகவே திறக்காது, சாவி அவர்களிடம்தான் இருக்கிறது. முப்பது வருடம் தொண்டு செய்தவருக்குக் கோயில் சொந்தமாகிறது. சொந்தமாகிற வேகத்தில், மற்றவருக்கு அது சொந்தமாகாமல் போகிறது. "அந்தப் பையனுக்கு ஒன்றும் தெரியாது, நானே செய்துவிடுகிறேன்" என்று அவர் சொல்வது பெரும்பாலும் உண்மை. பையனுக்குத் தெரியாதுதான். ஏலத்தில் பூசணிக்காயை அடிமாட்டு விலைக்கு விட்டுவிடுவான். விடட்டும். இயேசு சீடர்களின் கால்களைக் கழுவியபோது பேதுரு மறுத்தார் என்பதை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். கழுவி முடித்ததும் நீங்களும் ஒருவருக்கொருவர் இதைச் செய்யுங்கள் என்று அவர் வேலையைக் கைமாற்றியதை மறந்துவிடுகிறோம். தாமே கடைசிவரை கழுவிக்கொண்டிருக்க அவர் நினைக்கவில்லை.

அப்படியானால் ஒன்றும் செய்ய முடியாதவர் கதி என்ன? படுக்கையில் கிடப்பவர், நினைவு தப்பிய முதியவர் சபையைச் சேர்ந்தவர் இல்லையா? நான் சொன்னதை இறுக்கிப் பிடித்தால் அப்படித்தான் முடியும், ஆகவே இறுக்கிப் பிடிக்காதீர்கள். 1687இல் யாழ்ப்பாணத்தில் வயிற்றுக்கடுப்போடு கிடந்த வாஸ் அடிகளால் யாருக்கும் எதுவும் செய்ய முடியவில்லை. அவரைக் கவனித்த ஏழைகள் அவரைத் தங்களவராக எண்ணித்தான் கவனித்தார்கள். முடியாதவரை ஏந்திக்கொள்வது சபையின் கடமை. என் சண்டை முடிகிறவர்களை முடியாதவர்களாக நடத்துவதோடுதான். லயத்துக்காரர் என்றால் உடுப்பு மூட்டையும் உலர் உணவுப் பொதியும் கொண்டுபோக வேண்டிய முகவரி என்று நினைப்பதோடுதான். பொதி தேவையான வீட்டுக்குப் போகட்டும். ஆனால் எந்த வீட்டுக்கு அது தேவை என்பது அந்த லயத்து மனிதருக்குத் தெரிந்த அளவுக்கு மாத்தளை நகரத்துக் குழுவுக்குத் தெரியாது. பட்டியலை அவரே எழுதட்டும்.

அடுத்த அறுப்பின் பண்டிகைக்கு ஒரு யோசனை சொல்லி முடிக்கிறேன். இதுவரை தோட்டத்துச் சபை மக்கள் மரக்கறிக் கூடைகளோடு வந்து, ஏலம் பார்த்து, சாப்பிட்டுப் போனார்கள். இந்த முறை பண்டிகையை அவர்களிடம் விடுங்கள். மேடை, ஏலம், சமையல், யாரைப் பேச அழைப்பது, சேர்ந்த பணத்தில் எதைச் செய்வது, எல்லாம். நகரத்துக் குடும்பங்கள் போய் வெங்காயம் உரிக்கலாம். எல்லாம் என்று நான் சொல்வது கணக்குப் புத்தகத்தையும் சேர்த்துத்தான்.